அயர்லாந்துக் குழலுக்குச் சொல்யூஷன் போட்ட கதை

பைப் கடைக்காரருக்கு வாக்கப்பட்டவள் எதைப் பார்த்தாலும் முதலில் எங்கே ஒழுகுகிறது என்றுதான் பார்ப்பாள். சொம்பு, ஓட்டுக்கூரை, வெளிநாட்டு மாப்பிள்ளையின் மூக்கு, எதையும் விடமாட்டாள். திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுக்காரர் மோட்டார் பைப் கடை வைத்த நாளிலிருந்து என் கண் அப்படிப் பழகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாவது. அதற்கு மேல் படித்ததெல்லாம் பைப்.

ஒரே மகள் கவிதா அயர்லாந்தில் நர்ஸ். அவள் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். (மழை, குளிர், மறுபடி மழை. துவைத்த துணி காய்ந்து நான் பார்க்கவே இல்லை.) பேத்தி கயல் நேரம் காலம் பார்க்காமல் கத்துவாள். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் சமையல்கட்டில் உட்கார்ந்து குழல் ஊதுவார். அவர்கள் ஊர்ப் பழைய ஆட்டப் பாட்டு. துள்ளித் துள்ளிப் போகும். அதைக் கேட்டால்தான் கயல் வாயை மூடுவாள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நிற்பேன். கால் வலித்தது, பாட்டு மனப்பாடம் ஆனது.

ஊர் திரும்பிய பிறகு கதை மாறிப்போனது. பிள்ளை வளர்ந்தாள், என்னை மறந்தாள். செல்போனில் என் முகம் தெரிந்ததும் திரும்பிக்கொள்வாள். "சாமி, அம்மாயியப் பாரு சாமி" என்று கெஞ்சுவேன். முதுகுதான் தெரியும். அந்த முதுகிடம் பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் சித்திரையில் ஊருக்கு வந்து கயலுக்குக் காது குத்துவதாக மகள் வீட்டில் சொன்னார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். கவிதாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அதனால் என் மடி என்று முடிவானது. முகத்தையே பார்க்காதவள் மடிக்கு எங்கே வருவாள்? சொந்தபந்தம் கூடியிருக்கும் பந்தலில் அவள் என்னைக் கண்டு அலறி ஓடினால் ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்கள். இன்னமும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊதினால் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறாளாம். அந்தப் பாட்டை நான் ஊதினால் என்னிடமும் வருவாள் என்று தோன்றியது.

"ஏனுங்க, நானே அந்தக் குழல் ஊதப்போறனுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"உனக்கு அடுப்பூதவே மூச்சு வாங்குமே புள்ள."

"நம்மூட்டுக்கு கேஸ் வந்து எத்தன வருசமாச்சுங்க? நீங்க சமையக்கட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் பேச்சைக் கடைப் பக்கம் திருப்பினார். "குழலுக்கு எதுக்குக் கடைக்குப் போவோணும்? நம்ம கடையில துண்டு பைப் கெடக்குது. தொளை போட்டாத் தீந்துது" என்று மறுநாளே ஒன்று செய்து கொண்டுவந்தார். ஊதினேன். கிணற்றில் தண்ணீர் வற்றினதும் மோட்டார் ஒரு சத்தம் போடுமே, அது வந்தது.

கவிதா போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, மரத்துல செஞ்சதுன்னா வெல நமக்குக் கட்டாது. நம்மூரு வெயிலுக்கு வெடிச்சும் போயிரும். அதே குழல் பிளாஸ்டிக்ல வருது. அதப் பாரும்மா."

சேலத்தில் வாத்தியக் கடைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ இரண்டு வரவழைத்துக் கொடுத்தார். பழுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. பழுப்பு சாதாரண பி.வி.சி., லேசாக இருந்தது. கறுப்பு ஏதோ கெட்டிப் பிளாஸ்டிக், விலை கொஞ்சம் கூட. ஆனால் துளைகள் நெருக்கமாக இருந்ததால் என் குட்டை விரல்களுக்கு எட்டின. மனசுக்குள் கறுப்பைத்தான் எடுத்து வைத்தேன்.

"ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு போயி ஊதிப் பாருங்கம்மா. புடிச்சத வெச்சுக்கங்க, இன்னொண்ண அப்படியே கொண்டாந்து குடுத்துருங்க" என்றார் கடைக்காரர்.

அந்த 'அப்படியே' என்பதைத்தான் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

மதியம் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் பழுப்பை எடுத்து ஊதினேன். வெறும் காற்று. கறுப்பை ஊதினேன். அதிலும் காற்று. தலை சுற்றியதுதான் மிச்சம். திருப்பிப் பார்த்தால் இரண்டும் மூன்று மூன்று துண்டாக இருந்தன. செருகி வைத்திருந்தார்களே தவிர, எந்த மூட்டிலும் ஒரு பொட்டுப் பசை இல்லை. பிறகு காற்று ஒழுகாமல் என்ன செய்யும்? இவ்வளவு தூரத்திலிருந்து அனுப்புகிறவர்கள் ஒட்டாமலா அனுப்புவார்கள் என்று எனக்கே பாவமாக இருந்தது.

அலமாரியில் சொல்யூஷன் டப்பா இருந்தது. எந்த மூட்டையும் இறுக்கிப் பிடிக்கும் பைப் பசை. பழுப்பைக் கழற்றித் துடைத்து, இரண்டு மூட்டிலும் தடவி, செருகி, ஒரு கால் சுற்றுத் திருப்பினேன். (அப்படித் திருப்பினால்தான் பசை உள்ளே பரவிப் பிடிக்கும். எங்கள் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் பாடமே அதுதான்.) கறுப்புக்கும் தடவினேன். அது ஒட்டவே மாட்டேன் என்று வழுக்கிக்கொண்டு வந்தது. துடைத்துவிட்டேன். பழுப்பு காய்ந்ததும் ஊதினேன். பழையபடி காற்றுதான்.

மறுநாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் சேலத்துக்குப் போனோம். பஸ்ஸில் நின்றபடி போய்ச் சேர்ந்த கோபம் வேறு.

"ஏனுங்க, ரெண்டுமே ஓட்டைக் கொழலுங்க. காத்தெல்லாம் ஒழுகுது" என்றேன், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

கடைக்காரர் கறுப்பை வாங்கி உதட்டில் வைத்தார். கடை முழுக்க நாதம் நிறைந்தது. "தொளைக்குள்ள ஊதக்கூடாதும்மா. விளிம்புல பட்டுத் தெறிக்கற மாதிரி ஊதணும். ஒழுகினது குழல் இல்ல" என்றார் மரியாதையாக. அடுத்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் தவில் வாங்க வந்தவர் சிரித்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகு பழுப்பை எடுத்தார். உதட்டில் வைத்தால் விரல் துளைகள் எல்லாம் பக்கவாட்டில் திரும்பி நின்றன. "கழட்டி நேராக்கிக்கலாம்" என்று இழுத்தார். வரவில்லை. தவில்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் தேர் இழுப்பது போல இழுத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து மூட்டை முகர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"உடுங்க, வராது. நம்ம கடைச் சொல்யூஷனுங்க. போர்வெல்லுக்குள்ள எத்தன அடி எறக்குனாலும் கழலாது."

"சுருதி சேக்கறதுக்குத்தாங்க அந்த மூட்டு. முன்ன பின்ன இழுத்துக்கணும்" என்றார் கடைக்காரர், அழாத குறையாக.

கறுப்பை அங்கேயே வைத்துவிட்டு, பழுப்பை எடுத்துக்கொண்டு வந்தோம். குழல் தேர்ந்தெடுத்த லட்சணம் இதுதான். மூன்று துண்டாக அடங்க வேண்டியது ஒரே கம்பாக நின்றதால் அதற்கென்று கொடுத்த பைக்குள்ளும் போகவில்லை. வரும்போது பஸ்ஸில் ஒருவர் கொசுவலைக் கம்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

ஆனாலும் விடாமல் ஊதினேன். கோணல் குழலுக்கு விரல் எட்ட வேண்டுமென்றால் தலையை இடது தோளில் சாய்த்து, வலது முழங்கையைக் காது வரை தூக்க வேண்டும். பங்குனி முழுக்கக் கழுத்தில் தைலம். மாசக்கடைசியில் பாட்டு மாதிரி ஒன்று வந்தது. பாதி பாட்டு, பாதி மூச்சு.

கயல் வந்தாள். எதிர்பார்த்த மாதிரியே கவிதாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மாயிகிட்டப் போ கண்ணு" என்று எல்லாரும் தள்ள, அழுகைக்கு உதடு பிதுங்கியது. குழலை எடுத்துத் தலையைச் சாய்த்து ஊத ஆரம்பித்தேன். அழுகை நின்றது. தலை எட்டிப் பார்த்தது. பிறகு நேராக என்னிடம் நடந்து வந்து, என் கன்னம் இரண்டையும் பிடித்துத் தலையை நேராக நிமிர்த்தி வைத்தாள். பாட்டு நின்றுபோனது. நான் மறுபடி சாய்த்து ஊதினேன். மறுபடி நிமிர்த்தினாள். இப்படியே போய், சிரிப்புத் தாங்காமல் என் மடியில் விழுந்தாள்.

காது குத்தும்போதும் அங்கேதான் உட்கார்ந்தாள். கத்தியது வேறு விஷயம். கத்திக்கொண்டே என் கழுத்தை விடாமல் பிடித்திருந்தாள். பந்தலே பார்த்தது.

இப்போது எங்கள் சொந்தத்தில் யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. தலையைத் தோளில் சாய்த்துக் காட்டுகிறார்கள். சம்பந்திவரை அப்படித்தான். அயர்லாந்தில் அந்தப் பெரியவர் பாடுதான் மோசம். அவர் நேராக உட்கார்ந்து ஊதினால் கயல், "தப்பு" என்று சொல்லி, எழுந்து போய் அவர் தலையைச் சாய்த்து வைக்கிறாளாம். அவரும் அப்படியே ஊதுகிறாராம். கவிதா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்குக் கொஞ்சம் தைலம் அனுப்பிவைத்தேன்.