மோட்டார் ரூமில் நூறு எம்பிபிஎஸ்

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்த்தார்கள். என் விஷயத்தில் கண்ணைக் குத்தவில்லை. போன் பண்ணியது.

நான் சொன்ன பொய் ஒரே வரிதான். வீட்டிலிருந்தே பார்க்கும் ஒரு கம்ப்யூட்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, ‘உங்கள் வீட்டில் இணைய வேகம் என்ன?’ என்று கேட்டிருந்தார்கள். நூறு எம்பிபிஎஸ் என்று போட்டேன். உண்மையில் எங்கள் வீட்டில் ஒரு போட்டோ முழுதாகத் திறப்பதற்குள் போட்டோவில் இருப்பவருக்கு நரை விழுந்துவிடும்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே தள்ளித் தள்ளி ஏழு வீடுகள். கேபிள்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“ஏழு ஊட்டுக்கு இத்தன தூரம் ஒயர் இழுத்தா எனக்குக் கட்டுபடியாகாதுங்க தம்பி. கம்பம் நீங்களே நட்டுக் குடுத்தீங்கன்னா பாக்கலாம்.”

கம்பத்தின் விலையைக் கேட்டதும் அப்பா, “அதுக்கு ஒரு எருமை வாங்குனா பாலாச்சும் கறக்கும்” என்று பேச்சை முடித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஒரு ரிக் வண்டி முதலாளியிடம் எனக்கு இடமும் சொல்லி வைத்துவிட்டார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் போக வேண்டும். (தூசி பட்டாலே பத்துத் தும்மல் போடுகிறவன் நான்.)

ஊரில் சிக்னல் முழுதாகக் கிடைக்கும் இடம் ஒன்றுதான். பெரியப்பாவின் காட்டில், மேட்டின்மேல் இருந்த மோட்டார் ரூம். பெரியப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பாதி வாழ்க்கையை ரிக் வண்டியில் கழித்த மனிதர். இரைச்சலுக்கு நடுவே பேசிப் பேசி, ரகசியத்தைக்கூட அடுத்த காட்டுக்குக் கேட்கும்படிதான் சொல்வார். அந்த ரூமில் அவருடைய பொருளை யாரும் தொடக் கூடாது. அவர் போன் பண்ணினால் யாரும் எடுக்காமல் இருக்கவும் கூடாது.

இன்டர்வியூ நாளன்று காலையில் பெரியம்மாவை மலைக் கோயிலுக்கு அனுப்பிவைத்தேன். “எனக்காக ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாங்க பெரீம்மா” என்று பக்திமான் வேஷம் போட்டேன். காட்டுப் பக்கம் அவர் வரக் கூடாது என்பதுதான் காரணம். அவரும் நெகிழ்ந்துபோய், சார்ஜில் போட்ட போனை மறந்துவிட்டுப் போனார்.

மோட்டார் ரூமைத் திறந்தேன். பழைய எண்ணெயும் ஈரமண்ணும் கலந்த வாடை. சுவரில் ஸ்டார்ட்டர்ப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னப் பெட்டி, உள்ளே பச்சை விளக்கு ஒன்று மினுக்மினுக்கென்றது. ஆணியில் பெரியப்பாவின் சட்டை இன்னும் தொங்கியது. எட்டு மாதமாக யாரும் அதைத் தொடவில்லை.

நான் தொட்டேன். பெட்ஷீட் கட்ட அந்த ஆணிதான் வேண்டியிருந்தது. பூப்போட்ட பெட்ஷீட்டைச் சுவருக்கு முன்னால் கட்டி, ஓரத்தில் ஒரு மணிபிளான்ட் வைத்ததும் ‘ஹோம் ஆபீஸ்’ தயார். ஸ்டூல் குத்தியது. சட்டையை நாலாக மடித்து மேலே போட்டு உட்கார்ந்தேன். அப்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பெரியப்பா உட்காரும் ஸ்டூல் அது.

மணி பன்னிரண்டு. உச்சி வெயிலில் காடு அடங்கிக் கிடந்தது. காற்று இல்லை, காக்கைச் சத்தம்கூட இல்லை. கதவு வழியாகப் பார்த்தால் குச்சிக்கிழங்குச் செடிகள் ஒரு இலைகூட அசையாமல் ரூமைப் பார்த்து நிற்பதுபோல் இருந்தது. கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற எண்ணம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பூப்போட்ட பெட்ஷீட். அதற்குப் பின்னால் பச்சை வெளிச்சம் மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்பு கொடுத்தேன். திரையில் மூன்று பேர் வந்தார்கள். இருபது நிமிடம் இங்கிலீஷில் கேட்டார்கள், நானும் சமாளித்தேன். கடைசியில் ஒருவர், “உங்கள் இணைப்பு நம்பகமானதுதானே? தடை ஏதும் வராதே?” என்றார்.

“தடையா? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை” என்றேன்.

பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

ஸ்டார்ட்டர் விழுந்த சத்தம். மூன்று முனைக் கரண்ட் வந்தால்தான் எங்கள் மோட்டார் ஓடும். கரண்டே வந்தாலும் யாராவது கை வைத்து அழுத்த வேண்டும். இத்தனை வருஷமாக அழுத்தியது பெரியப்பாவின் கை. நான் அசையவில்லை. ரூமில் வேறு யாரும் இல்லை.

வெளியே தொட்டிக் குழாய் மெதுவாக இருமியது. ஒரு முறை. இன்னொரு முறை. பெரியப்பா திட்டுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார், அச்சு அசலாக அதேபோல்.

அப்போதுதான் என் போன் அடித்தது. திரையில் ‘பெரியப்பா’. கூடவே கோயில் திருவிழா நோம்பியன்று நான் எடுத்த அவர் போட்டோ, சிரிக்காமல் நேராக என்னையே பார்த்தபடி.

ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தேன். இங்கிலீஷ் எந்த வழியாகப் போனது என்று தெரியவில்லை. “தெரியாம உக்காந்துட்டனுங்க பெரீப்பா! சட்டைய ஆணியிலயே மாட்டீர்றனுங்க! கோவிச்சுக்காதீங்க!” என்று கும்பிட்டுக் கத்தினேன். சட்டையை மாட்ட ஆணியைத் தேடி இழுத்த இழுப்பில் பெட்ஷீட் அவிழ்ந்து தலைமேல் விழுந்தது.

அதுவரை இங்கிலீஷைத் தவிர வேறு பேசாத ஒருவர், திரைக்குள்ளிருந்து சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில் கேட்டார்.

“ஏனுங்க தம்பி, பெரீப்பா இருக்காருங்களா, இல்லீங்களா?”

“இல்லீங்க. போயி எட்டு மாசமாச்சுங்க.”

“அப்பறம் கூப்புடறது ஆருங்க?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவர் கட்டம் இருண்டுபோனது. (குமாரபாளையத்துக்காரராம். பிறகு தெரிந்தது.)

போன் விடாமல் அடித்தது. எடுக்காவிட்டால் இன்னும் கோபம் வருமே என்று எடுத்தேன். எடுத்ததும் நெட் நின்றது. வாயைப் பிளந்த என் முகம் திரையில் அப்படியே உறைந்துவிட்டது. போனில் முதலில் ஒன்றுமில்லை, வெறும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக, “மோட்டார் ஆன்...” என்று ஆரம்பித்தது. மேலே போயும் பெரியப்பா ஆள் வைத்து வேலை வாங்குகிறாரா? மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. செருப்பில்லாமல் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பெரியம்மா விபூதியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறதாம். கரண்ட் வந்தால் அதுவே மோட்டாரைப் போட்டுவிட்டுப் போனில் சொல்லுமாம். முதலில் பெரியம்மாவுக்கு, அவர் எடுக்காவிட்டால் எனக்கு. போன வாரம்தான் மாட்டினாராம் எலக்ட்ரீசியன்.

“அதுக்குப் பெரீப்பா சிம்முதான் கெடைச்சுதா?” என்று சீறினேன்.

பெரியம்மாவின் சிரிப்பு நின்றது.

“அவரு இருக்கறப்ப தெனம் இந்த நம்பர்லருந்துதான் கூப்புடுவாரு. ‘தண்ணி உட்டுட்டேன், சோறெடுத்துட்டு வா’ம்பாரு. சும்மா கெடந்தா நம்பர வேற ஆருக்கோ குடுத்துருவாங்களாமா. அதான் பொட்டிக்குள்ள போடச் சொன்னேன் சாமி. நா எடுக்கலீன்னாலும் ஆராச்சும் எடுக்கோணுமல்ல?”

சட்டையைத் துவைத்து, காய வைத்து, அதே ஆணியில் கொண்டுபோய் மாட்டினேன்.

‘பணிச்சூழல் பொருத்தமானதாக இல்லை’ என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. சத்தீஸ்கர் போனேன், புழுதி தின்றேன். அங்கேயும் சில நாள் மத்தியானத்தில் ‘பெரியப்பா’ கூப்பிடுவார். ரிக் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஆனாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். ஊரில் தண்ணீர் பாய்கிறது என்று தெரிந்தால் போதும், அன்றைக்குச் சோறு இறங்கும்.

அடுத்த வருஷம் ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஆளுக்கு நாலு கம்பம் நட்டோம். கேபிள்காரர் ஒயர் இழுத்தார். மாதக் கட்டணம், டவுனில் இரண்டு பேர் பிரியாணி தின்கிற காசுதான். இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வேகம் நிஜமாகவே நூறு. எப்போதாவது நெட் நின்றால் அப்பா வாசலிலிருந்தே கேட்பார்: “ஏன்டா, பெரீப்பா சட்டைமேல உக்காந்துட்டயா?”

போன வாரம் மீட்டிங் நடுவே போன் அடித்தது. பெரியம்மா எடுக்கவில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று எடுத்தேன், “சரிங்க பெரீப்பா” என்றேன். யார் என்று மேனேஜர் கேட்டார்.

“எங்க பெரியப்பா சார். தண்ணி விட்டுட்டாராம்.”