வயிற்றுக்குள் குடிவந்தவர்கள்

கல்முனைக்குடி.

அன்புள்ள மருமகன் அக்ரமுக்கு, மாமா கச்சிமுகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவில் நீங்களும் மகள் ஸப்னாவும் நலமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே உங்கள் மாமி முனவ்வறாவும் என் வயிற்றுக் கிருமிகளும் நல்ல சுகம். எனக்குத்தான் சுகமில்லை.

உடம்பு பெருத்துவிட்டது, ஈரலில் கொழுப்பு, இரத்தத்தில் சீனி என்று கிளினிக்கில் சொன்னதைக் கேட்டு, நல்லெண்ணத்தோடு புரோபயோட்டிக் குளிசை அனுப்பினீர்கள். அதோடு விட்டிருக்கலாம். குடலுக்கு நல்லது செய்கிற உயிருள்ள கிருமிகள் என்று மாமிக்குப் போனில் விளக்கம் சொன்னீர்களே, அங்கேதான் என் சோறு போனது. "கிருமிய என்ட மீன் ஆணத்துக்குப் பக்கத்துல வைக்கேலா" என்று மீன் கறி இருந்த பிரிஜ்ஜை மறித்துக்கொண்டு நின்றவள், நான் ஒன்றை விழுங்கியதும் அடியோடு மாறிவிட்டாள். "இஞ்ச பாருங்க, கோடிக்கணக்கான உசிரு உங்கள நம்பி வந்திரிக்கி. அதுகளுக்கு நார்ச்சத்து வேணுமாம். பட்டினி போட்டா மௌத்தாப் போயிரும்!" அன்றிலிருந்து வீட்டில் சமையல் அவைகளுக்குத்தான்: கசக்கும் குறிஞ்சாக் கீரை, பொன்னாங்காணி, கௌபிப் பயறு, குரக்கன் பிட்டு. வெள்ளைச் சோறு கேட்டால் "அதுகளுக்கு ஒத்துக்காது." பிளேன்டீக்குச் சீனி கேட்டாலும் அதே பதில். "எனக்கு ஒத்துக்கும், புள்ள" என்றேன். "நீங்க பேசாம இரிங்க" என்றாள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தால் தம்பி முறையான பக்கத்து வீட்டு ஜெஸீம் என் சுகத்தைக் கேட்பதில்லை, "காக்கா, கிருமிகள் எப்பிடி?" என்கிறான்.

போன கிழமை நிந்தவூரில் கலியாணம். ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்தோம். எல்லோருடைய கையும் புரியாணிக்குள். எனக்கு மட்டும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. திறந்தால் குறிஞ்சாக் கீரைச் சுண்டல். "அதுகளுக்காம்" என்றார் கொண்டுவந்தவர். சபையே சிரித்தது. இறைச்சித் துண்டு ஒன்று என் பக்கமாகச் சரிந்து வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், மருமகன்.

நேற்று கிளினிக். சீனி இறங்கியிருக்கிறது, நிறையும் குறைந்திருக்கிறது. "கிருமிதானே டொக்டர்?" என்று மாமி பெருமையாகக் கேட்டாள். "அது சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், உம்மா. நீங்க மாத்தின சாப்பாடுதான் பெரிய மருந்து" என்றார். அப்பாடா, விடுதலை என்று நினைத்தேன். வாசலைத் தாண்டவில்லை, மாமி சொன்னாள்: "டொக்டருக்கென்ன! கிருமி இல்லாட்டி நீங்க குறிஞ்சா திண்டிரிப்பீங்களா?" நேற்று இரவும் குறிஞ்சாதான்.

ஆகவே, கிருமிகள் போதும் என்று நீங்களே போன் எடுத்து மாமியிடம் சொல்ல வேண்டும். உங்கள் சொல்லைத்தான் அவள் கேட்பாள். ஸப்னாவுக்கு என் ஸலாம். உங்கள் இருவருக்கும் என் துஆ எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
பசியோடு மாமா.

பி.கு: போன் எடுக்க வேண்டாம். பின்னேரம் அஸர் தொழுது வந்ததும் மாமி இப்போதெல்லாம் என்னைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப் போகிறாள். கலியாணம் முடித்த புதிதில் இப்படிச் சேர்ந்து போனது, அதற்குப் பிறகு இப்போதுதான். "அதுகளுக்குக் கடக்காத்துப் புடிக்குமோ?" என்று இன்று கேட்டாள். "ஓம், நல்லாப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.