நாலு டிகிரி தாமதம்

எஞ்சின் மெக்கானிக் அன்று ஒரு முடிவுக்கு வந்தார். பேக்கரி வேன் ஓட்டும் மனைவியின் வேகத்தைக் குறைத்தே தீருவது. சொல்லிப் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. அவள் ஒரு வளைவில் திரும்பினால் உள்ளே ரொட்டியெல்லாம் கட்சி மாறும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன சமயம், வேனில் லேப்டாப்பை மாட்டினார். பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே டீசலைப் பீச்ச வேண்டும். அந்த டைமிங்கை நாலு டிகிரி பின்னுக்குத் தள்ளினார். இனி வண்டிக்கு இழுவை இருக்காது. அவளுக்குக் கோபம் வரும், வேகம் வராது.

மறுநாள் முதல் வேன் வாசலிலிருந்து ஊர்வலம் போல நகர்ந்தது.

"என்னங்க, வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

"வயசாயிடுச்சும்மா."

"யாருக்கு?"

மெக்கானிக் ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

எட்டாம் நாள் மதியம், சாப்பிட உட்கார்ந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். மனைவி அவரை அள்ளி வேனில் போட்டாள். ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். நடுவில் செங்குத்தாக ஒரு மேம்பாலம். 'வண்டியோட நேரத்தை மாத்தப் போய் என் நேரம் கெட்டுப்போச்சே' என்று கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது மேம்பாலம் பின்னால் கிடந்தது.

"சிறுநீரகக் கல். அடைப்புல கிருமி பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுவந்தாங்க" என்றார் டாக்டர்.

வலி அடங்கியதும் மனைவியின் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடும்மா. நான் உன் வண்டியில..."

"தெரியும். இழுக்கலன்னு சொன்ன அன்னிக்கே பழையபடி மாத்திட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும் அந்த வேலை?"

"பதினாறு வருஷமா சாப்பிடறப்ப நீங்க வேற என்ன பேசியிருக்கீங்க? லேப்டாப்புல ரெண்டு ஃபைல் இருந்துச்சு. ஒண்ணு 'பழசு'. இன்னொண்ணு 'அவ பவர் கட்'."

"ஒரு வாரமா மெதுவாத்தானே போன?"

"தெருமுனை வரைக்கும். நீங்க வாசல்ல நின்னு அவ்வளவு சந்தோஷமாப் பார்த்தீங்க. கெடுக்க மனசு வரல."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

"சத்தியமா இனிமே உன் வண்டியில கை வைக்க மாட்டேன்."

"வைக்க முடியாதுங்க," என்று போர்வையை இழுத்துவிட்டாள். "பாஸ்வேர்டு போட்டுட்டேன்."