படுத்துப்போன யாவாரம்

வழக்கமாகக் காணிக்கைப் பை வரும்போதுதான் ஏலக்காய் வியாபாரி சுந்தரராஜ் ஆலயத்தில் கண் விழிப்பார். அன்றைக்குப் பிரசங்கத்திலேயே தூக்கம் கலைந்துவிட்டது.

"பணத்தைப் பத்தி நாம வீட்டுல பேசுறதில்ல," என்றார் சபைப் போதகரான ஐயர். "புருசன் மறைக்கிறான், பொஞ்சாதி மறைக்கிறா, ரெண்டு பேரும் சேர்ந்து ஆண்டவர்கிட்ட மறைக்கிறாங்க. ஆலயத்துக் கூரை ஒழுகுது. இந்த வாரம் வீட்டுல மனசு விட்டுப் பேசுங்க. வர்ற ஞாயிறு, வீட்டுக்கு ஒருத்தர் எந்திரிச்சு, எங்க நிலைமை இது, எங்களால இம்புட்டு முடியும்னு சொல்லுங்க. கஷ்டம்னா அதையும் சொல்லுங்க. சபை தாங்கும்."

சுந்தரராஜுக்கு அலுப்பாக வந்தது. பன்னிரண்டு வருஷமாக வீட்டில் அவர் ஓதிவந்தது ஒரே வசனம்: "யாவாரம் படுத்துருச்சு." மனைவி ஜெயபாக்கியம் சேலை கேட்டால் படுத்துருச்சு. காணிக்கைக்கு ஒரு ரூபாய் கேட்டால் படுத்துருச்சு, எட்டணா போதும். படுத்த யாவாரத்தைத் தினமும் சுமந்து திரிந்து மனுஷனுக்கு முதுகே ஒடிந்துபோயிருந்தது. உண்மையில் அந்த வருஷம் போடிமெட்டுப் பக்கம் நல்ல விளைச்சல். ஏலத்தில் ஏலக்காய் விலை ஏறு ஏறென்று ஏறியது.

வீடு வந்து சேர்வதற்குள் ஒரு யோசனை உதித்தது. அவளையே பேச விட்டால்? தெரிந்ததைத்தானே சொல்வாள். கூரைக்கு ஐந்து ரூபாயோடு போய்விடும். ஆண்டவர் சந்நிதியில் பொய் சொன்ன பாவமும் தனக்கு வராது.

"பாக்கியம், ஞாயித்துக்கிழமை நீயே எந்திரிச்சுச் சொல்லிரு."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"யாவாரம் படுத்துருச்சுன்னு தெரியும்ல?"

"அது தெரியாமயா? தினமும் சொல்றீங்களே."

"அதையே சொல்லு."

"உள்ளதை உள்ளபடியே சொல்லிறவா? பின்னாடி கோவிக்கக் கூடாது."

"கோவிக்கலை தாயி. எனக்குச் சோலி கெடக்கு, ஆளை விடு."

ஞாயிறு வந்தது. ஜெயபாக்கியம் எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் யாவாரம் பன்னெண்டு வருசமாப் படுத்துக்கெடக்கு. வெளிய சொல்ல அவருக்குக் கூச்சம். சபை தாங்கும்னு ஐயர் சொன்னாரு. தாங்கணும்."

கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஆலயம் முழுக்க உச்சுக்கொட்டியது. பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் சுந்தரராஜ் கடையில் ஏலக்காயை இறக்குகிற குரங்கணித் தோட்டக்காரர் தங்கபாண்டியன் வெளிறிப்போய் எழுந்தார்.

"அண்ணே, முந்தாநாள் இறக்குன மூட்டை அப்படியே இருக்கா? நாளைக்கு ஜீப்பைக் கொண்டாந்து வேற கடைக்கு ஏத்திக்கிறேன்."

பக்கத்தில் இருந்த இரண்டு தோட்டக்காரர்களும் தலையாட்டினார்கள். மூன்று பேரும் போனால் கடைக்குப் பூட்டுத்தான்.

அதற்குள் சிலமலையில் களையெடுத்துப் பிழைக்கிற பொன்னுமணி வந்து நின்றாள். கூரைக்கென்று முடிந்து வைத்திருந்த கால் ரூபாயை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள்.

"வச்சுக்கங்கண்ணே. கூரை பொறுக்கும். வயிறு பொறுக்காது."

அந்தக் கால் ரூபாய் கையைச் சுட்டது. சுந்தரராஜ் துள்ளி எழுந்தார்.

"யாவாரம் படுக்கலை! ஓடுது! குதிரையாட்டம் ஓடுது!"

"எம்புட்டுண்ணே ஓடுது?" என்றார் தங்கபாண்டியன் சந்தேகமாக.

வேறு வழியில்லை. அந்த வருஷ லாபத்தைச் சபை நடுவே சொன்னார். கூரைக்கு முந்நூறு ரூபாய் என்றும் சொன்னார். பொன்னுமணியின் காசை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்; அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்படியாங்க?" என்று கண்ணை அகல விரித்தாள் ஜெயபாக்கியம். அது கடைசிப் பெஞ்சு வரை கேட்டது.

வாசலுக்கு வந்ததும் மெல்லக் கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏலக்காய் விலை ஏறுனது போடி ஊர் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்க ஆசைப்பட்டீங்க. சரின்னு இருந்தேன்."

கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஐயர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசு விட்டுப் பேசுறதுன்னா இதுதான்! நாளையிலருந்து வீடு வீடாப் போயி மத்த ஆம்பளைகளுக்கும் நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

சுந்தரராஜ் தலையாட்டினார்.

"நானும் கூடப் போறேன் ஐயரே," என்றாள் ஜெயபாக்கியம். "இவர் தனியாச் சொன்னா யாரு நம்புவா?"