குடைக்கார அம்மாவின் நோட்டு

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது புரூஃப் சார் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குந்தியிருந்தார்.

"ஐயா," என்றது கதவுக்கு வெளியே ஒரு குரல். "மூணு விசில் ஆயிடுச்சு. அடுப்பைக் குறைச்சிடுங்க."

புரூஃப் சார் மூச்சை அடக்கிக்கொண்டார். வீட்டில் ஆள் இல்லை என்று காட்ட அவர் செய்திருந்த ஏற்பாடுகள் கொஞ்சநஞ்சமல்ல. ரேடியோவை நிறுத்தியாயிற்று. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. வாசலில் கிடந்த செருப்பைக்கூட உள்ளே எடுத்து வைத்தாயிற்று. உருளைக்கிழங்கை வேகப் போட்டது மட்டும் மறந்துபோயிற்று.

"நாலு," என்றது குரல், மிகுந்த அக்கறையோடு.

சனிக்கிழமை காலை பத்து மணி. குடைக்கார அம்மாவும் பைக்கார அம்மாவும் வந்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கடவுளைப் பற்றிச் சொல்கிறவர்கள். வெயிலோ மழையோ, குடைக்கார அம்மா கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை இருக்கும். பேச்செல்லாம் அவர்தான். பைக்கார அம்மா துணிப்பை நிறையச் சிறு புத்தகங்களைச் சுமந்துகொண்டு பின்னால் நிற்பார். மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

ஏழாவது விசிலுக்குப் பிறகு விசில் வரவில்லை. புகை வந்தது. புரூஃப் சார் அப்போதும் அசையவில்லை. வீறாப்பு என்று வந்துவிட்டால் கிழங்கு என்ன, வீடே வேகட்டுமே!

அதே மாடியில் எதிர்வீட்டு டெய்லரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"சார் உள்ளதான்மா இருக்கார். நல்லாத் தட்டுங்க. அவர் எங்கயும் போகமாட்டார். போறதுக்கு இடம் இருந்தாத்தானே!"

புரூஃப் சார் இருமிக்கொண்டே கதவைத் திறந்தார். குடைக்கார அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார். பைக்கார அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, குக்கரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். இருவரும் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டலாம் என்றால் அவர்கள் கையில் நம் குக்கர் இருக்கிறதே.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தியவர். வாயைத் திறந்தால் வரி விட்டுப்போகும் வேலை அது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. 'சாப்பிட வர்றீங்களா' என்று மனைவி கேட்டால் வருவார். 'உப்பு போதுமா' என்றால் தலையாட்டுவார். மற்றபடி பேப்பர் உண்டு, அவர் உண்டு. கெட்ட மனிதர் இல்லை. பேசினால் காசா போய்விடும் என்று நீங்கள் கேட்கலாம். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் சனிக்கிழமை வேறு கதை.

இந்த இரண்டு அம்மாக்களும் முதன்முதலில் வந்த அன்று அவர் குளித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது மேஜை மேல் ஒரு சிறு புத்தகம் கிடந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். கண்டவர்களுக்குக் கதவைத் திறக்கலாமா என்று ஆரம்பித்து, கடவுள், அரசாங்கம், அச்சகத்து முதலாளி, மாமனார் என்று ஒருவரையும் விடாமல் ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார். அவள் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நடுவில் இரண்டு முறை சிரித்தாள். கடைசியில் பால் வாங்கப் போகிறேன் என்று அவசரமாகக் கிளம்பிப் போனாள். பால் இல்லாமல் திரும்பி வந்தாள். அதற்கும் ஒரு பத்து நிமிடம் திட்டினார்.

அதற்கப்புறம் வாராவாரம் இதே கூத்து. அவர்கள் வருவார்கள். "இன்னிக்கு நேரமில்லம்மா, அடுத்த வாரம் வாங்க" என்று அவள் சொல்லி அனுப்புவாள். அவர் குதிப்பார். 'முகத்துக்கு நேரே வேண்டாம்னு சொல்லத் தெரியாதவ' என்று அவளுக்குப் பட்டமும் கொடுத்திருந்தார்.

அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவள் இல்லாத வீட்டில், யாரும் வந்து தட்டாமல், அழுமூஞ்சியாக உட்கார்ந்திருக்கும் உரிமை. அதற்குக்கூட இந்த இருவரும் விடுவதாக இல்லை.

அடுத்த வாரம் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். 'மதப் பிரசாரம் செய்வோருக்கு இங்கே அனுமதி இல்லை.' மூன்று முறை எழுதிப் பார்த்துப் பிழையில்லாமல் ஒட்டியது.

சரியாகப் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"எழுதி ஒட்டியிருக்கேனே, படிக்கலையா?" என்றார் உள்ளிருந்தே.

"படிச்சோம் ஐயா. எழுத்து முத்து முத்தா இருக்கு. நாங்க பிரசாரத்துக்கு வரல. அதனால இது எங்களுக்கு இல்லன்னு தட்டினோம்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"எப்படி இருக்கீங்கன்னு பாக்கத்தான். சாப்பிட்டீங்களா?"

எப்பேர்ப்பட்ட தந்திரம் என்று புரூஃப் சார் பல்லைக் கடித்தார். அறிவிப்பைப் பார்த்து இன்னொரு ஆபத்தும் வந்து சேர்ந்தது. அன்று மாலை வேறொரு கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, "அவங்களை உள்ள விடாதது ரொம்ப நல்லது சார். நாங்க சொல்றதைக் கேளுங்க" என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். ராத்திரியே புரூஃப் சார் அறிவிப்பைக் கிழித்துப் போட்டார்.

மறுவாரம் ஒன்பதே முக்காலுக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். வீடு அவர்களுக்கு, தெரு நமக்கு என்று நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். மழை பிடித்துக்கொண்டது. அந்த நிறுத்தத்துக்குக் கூரையில் பாதிதான் இருந்தது. நனைந்த கோழியாக அவர் ஒடுங்கி நின்றபோது, தலைக்கு மேல் ஒரு பெரிய கறுப்புக் குடை விரிந்தது.

"டெய்லர் சொன்னார் ஐயா, இங்க இருப்பீங்கன்னு. வாங்க, வீடு வரைக்கும் விட்டுடறோம்."

தெரு முழுக்கப் பார்க்க, இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் குடைக்குள் அவர் வீடு திரும்பினார். கோபம் தலைக்கேறியது. கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைப் பிழிந்துகொண்டே, "கேட்டியா இந்த அநியாயத்தை? என்னைக் கைதி மாதிரிக் கூட்டிட்டு வராங்க!" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.

ஸ்டூல் காலியாக இருந்தது.

அவர் நின்றுவிட்டார். இன்னும் நிறையத் திட்ட வேண்டியிருந்தது. திட்டுவதற்கு வார்த்தை இருந்தது, தெம்பும் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஈரச் சட்டையோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

இந்த அழுகைக்கும் சேர்த்துப் பழிவாங்க முடிவு செய்தார். அவர்கள் விட்டுப்போயிருந்த சிறு புத்தகம் ஒன்று மேஜை மேல் கிடந்தது. 'உங்கள் கதவு ஏன் மூடியிருக்கிறது?' என்று தலைப்பு. ஐந்து மாதமாகத் தொடாத சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினாறு பக்கத்தில் நாற்பத்தொரு பிழை. பக்கமெல்லாம் ரத்தக்களறி. சொர்க்கம் பற்றிய அத்தியாயம் இடம் மாறி, நரகத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதையும் வட்டமிட்டு, 'முதலில் இதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு ஊரைத் திருத்தவும்' என்று ஓரத்தில் எழுதி, பின்னட்டையில் இருந்த முகவரிக்கே தபாலில் அனுப்பினார். மானமுள்ளவர்கள் இதற்கு மேல் வரமாட்டார்கள்.

வந்தார்கள். குடைக்கார அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

"ஐயா, எங்க பெரிய ஆபீஸ்ல உங்க பேச்சாத்தான் இருக்கு! இப்படி ஒருத்தரைத்தான் இத்தனை வருஷமாத் தேடிட்டு இருந்தாங்களாம்."

பைக்கார அம்மா பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அடுத்த வருடம் அச்சுக்குப் போக வேண்டிய பன்னிரண்டு புத்தகங்கள்.

"இதெல்லாம் என்னது? நான் உங்களை அவமானப்படுத்தினேன்!" என்று கத்தினார் புரூஃப் சார்.

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா. யாரு இவ்வளவு பொறுப்பா அவமானப்படுத்துவாங்க?"

கட்டைக் குப்பையில் போடத்தான் எடுத்தார். முதல் அட்டையின் தலைப்பிலேயே ஒரு பிழை கண்ணில் பட்டது. அதை மட்டும் திருத்திவிட்டுப் போடலாம் என்று உட்கார்ந்தார். வியாழக்கிழமை மாலை பன்னிரண்டும் முடிந்திருந்தது. அந்த வாரம் அவருக்கு நேரம் போனதே தெரியவில்லை. நன்றாகப் பசித்தது, தூக்கமும் வந்தது. அதைக் கண்டுபிடித்தபோது தன் மேலேயே கோபம் வந்தது. அவள் போய் ஆறு மாதம்கூட முழுதாக முடியவில்லை, அதற்குள் இவருக்கு வேளாவேளைக்குப் பசிக்கிறதாம்!

வெள்ளிக்கிழமை டெய்லரைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வீட்டுக்கு மட்டும் ஏன்யா அவங்க வர்றதில்ல?"

டெய்லர் வாயிலிருந்த ஊசியை எடுத்தார். "ஒரே தடவை வந்தாங்க சார். வேண்டாம்மான்னேன். அந்தம்மா நோட்டை எடுத்து வீட்டு நம்பரை எழுதி, 'வேண்டாம்'னு போட்டு ஒரு கோடு அடிச்சிடுச்சு. கோடு அடிச்ச வீட்டை அப்புறம் அவங்க தட்டவே கூடாதாம். அவங்க சட்டம் அது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீங்க இதுவரைக்கும் வேண்டாம்னு வாயைத் திறந்து சொன்னீங்களா?"

புரூஃப் சார் யோசித்துப் பார்த்தார். ஒளிந்திருக்கிறார், ஓடியிருக்கிறார், எழுதி ஒட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னதில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே மூன்று வருடம் ஓட்டிவிட்டாள், மகராசி.

"ஆனா ஒண்ணு சார்," என்றார் டெய்லர். "வீடு தேடி வர்றவங்க இந்த மாடியில உங்களுக்கு மட்டும்தான் இருக்காங்க. எங்கிட்ட துணி தைக்கக் குடுக்கத்தான் வராங்க. யோசிச்சுப் பண்ணுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? எனக்கு யாரும் வேண்டாம்," என்றார் புரூஃப் சார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, அவர்கள் தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு நின்றார். கையில் சிவப்புப் பேனா.

"நோட்டைக் குடுங்க."

குடைக்கார அம்மா திடுக்கிட்டார். "எந்த நோட்டு ஐயா?"

"வீட்டு நம்பர் எழுதுற நோட்டு. எனக்கு வேண்டாம். உங்க புத்தகம் வேண்டாம், குடை வேண்டாம், விசாரிப்பு வேண்டாம். என் கையாலேயே கோடு அடிக்கிறேன். குடுங்க."

"ஐயா, அது வந்து..."

"குடுங்கன்னேன்!"

நோட்டு தயங்கித் தயங்கிக் கைமாறியது. வீட்டுக்கு ஒரு பக்கம். அவர் வேகமாகப் புரட்டினார். டெய்லரின் பக்கத்தில் டெய்லர் சொன்னபடியே ஒரு கோடு. அடுத்த பக்கம் அவருடைய வீடு. பேனாவை ஊன்றப் போனவர் அப்படியே நின்றார்.

அங்கே ஏற்கெனவே கோடு இருந்தது.

வீட்டு நம்பர், தேதி, 'வேண்டாம்.' எல்லாம் பழைய மசி. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. முதன்முதலில் வந்தார்களே, அந்தச் சனிக்கிழமை. அந்தக் கோட்டுக்குக் கீழே சின்னச் சின்ன வட்டங்கள், வாரத்துக்கு ஒன்றாக, ஒரு வாரம்கூட விடாமல், பக்கம் நிறைந்து பின்பக்கமும் நிறைந்து, போன சனிக்கிழமை வரை.

"என்னம்மா இது?" அவர் நோட்டைக் குடைக்கார அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். "முப்பத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு பிழையை நான் பாத்ததில்ல. அடிச்ச வரி அடிச்சதுதான்! அது எப்படி மறுபடி மறுபடி வருது? வேண்டாம்னு யார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரம்மாதான் ஐயா. கதவைத் திறந்ததும் தெளிவாச் சொன்னாங்க."

"அவளா? வேண்டாம்னு அவ சொன்னாளா? சொன்னப்புறமும் மூணு வருஷமா வந்தீங்களா? உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?"

குடைக்கார அம்மா குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு குடைப்பிடியைத் தடவிக்கொண்டே, "சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்காங்க ஐயா," என்றார். "வாக்கு வாங்கினவங்க போயிட்டாங்க. அதுக்காக வாக்கு போயிடுமா?"

"என்ன வாக்கு? யாருக்கு? எனக்கு இப்ப தெரிஞ்சாகணும்!"

பைக்கார அம்மா பையை மெல்லக் கீழே இறக்கி வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னிக்கு வேண்டாம்னு அனுப்பிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு ஈரக் கையோட தெருமுனை வரைக்கும் எங்க பின்னால ஓடி வந்தாங்க ஐயா, 'உங்க சாமியெல்லாம் எனக்கு வேண்டாம்மா, ஆனா வாராவாரம் வந்து கதவை மட்டும் தட்டிட்டுப் போங்க, உங்களைத் திட்டுறப்போ மட்டும்தான் இந்த மனுஷன் எங்கிட்ட பேசுறார்'னு."