கூரைப் பாலத்தில் யார் பின்வாங்குவது

சேன்ட் ஓபால் கிராமம்,
ஆகஸ்ட் 21, புதன்கிழமை

அன்புள்ள தம்பி ஓதிலோனுக்கு,

உன் அண்ணி லெயோகாதி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் பதினொரு கோழிகளும் சுகம்.

முதலில் ஒரு திருத்தம். ஞாயிறு பூசை முடிந்து கோவில் படியில் நின்றுகொண்டு, "அண்ணிக்குப் புத்தி பிசகிடுச்சு, ரக்கூனைப் போர்வையில மூடிக் கார்ல ஊர்வலம் கூட்டிட்டுப் போறாங்க" என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது போர்வை அல்ல, மறைந்த உன் அண்ணனின் மழைக்கோட்டு. ஊர்வலமும் அல்ல, நாடுகடத்தல். கூண்டோடு நான் பேசிக்கொண்டு போனதாகவும் சொன்னாயாம். நான் சொன்னது செபமாலை. இந்தக் கதையை மோன்ட்ரியாலில் இருக்கும் என் மகள் உகெத்துக்கும் நீ எழுதிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சோளம் உரிக்கும் விருந்துக்கு அவள் முதியோர் இல்லத்துப் படிவத்தோடு வருகிறாள். ஜன்னல் பக்கத்து அறையாகப் பார்த்து நீயே பேசி வைத்திருக்கிறாய். ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்த வீட்டில் எனக்குப் பத்தொன்பது ஜன்னல்கள் இருக்கின்றன, தம்பி.

நடந்ததைக் கேள். ஜூன் மாதம் கோழிக்கூட்டின் கொக்கியைத் திறந்து, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்ட ஒரு ரக்கூன் இரண்டு கோழிகளைக் கொண்டுபோயிற்று. கொக்கியைக் கம்பியால் சுற்றினேன், சுற்றியதை அவிழ்த்தது. அதற்குப் பிறகு சோளக்கொல்லைக்கு வந்தது. மனிதக் குரல் கேட்டால் ஓடிவிடும் என்றார்கள், கொல்லை நடுவே ரேடியோ வைத்தேன். பேராயரின் பிரசங்கத்தை முழுதாகக் கேட்டு, ஒரு வரிசைச் சோளத்தையும் முழுதாகத் தின்றுவிட்டுப் போயிருந்தது. பிறகுதான் கூண்டு வாங்கி, மத்தி மீன் டப்பா ஒன்றை உள்ளே வைத்து, கூண்டு புரளாமல் இருக்க ஒரு செங்கல்லும் வைத்தேன். விடிந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கைவிரல்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. காரில் ஏற்றி, ஆற்றின் மேல் மரக்கூரை போட்டு நிற்கும் நம் கூரைப் பாலத்தைத் தாண்டி, உன் கரையில் இருக்கும் மேப்பிள் காட்டில் விட்டேன். அந்தக் காடு அரசாங்கத்துடையது, உன்னுடையது அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலு நாளில் இன்னொன்று விழுந்தது. அதையும் விட்டேன். அப்புறம் இன்னொன்று. இப்படி ஒன்பது. ஒன்பதும் ஒரே பருமன், ஒன்பதுக்கும் இடது காதில் கிழிசல். நான் படித்த கான்வென்டில் எங்கள் துணி ஒவ்வொன்றிலும் எண் தைத்திருக்கும், என் எண் நாற்பத்தொன்று. அடையாளம் இல்லாத பொருளுக்குச் சொந்தக்காரர் ஏது என்பார் சலவை அறை சிஸ்டர். ஆகவே ஒன்பதாவதை விடுமுன், ஜன்னல் கதவுக்கு அடித்து மீந்த நீலப் பெயின்ட்டை நீளமான தூரிகையில் தொட்டு, கம்பி வழியாக அதன் வாலில் பூசினேன்.

இனி நேற்று. காலையில் கூண்டுக் கதவு விழுந்திருந்தது, தூக்கினால் கனம் இருந்தது, கோட்டைப் போட்டு மூடிக் கிளம்பினேன். பாலத்தின் நடுவே எதிரே உன் வண்டி. அந்தப் பாலத்தில் ஒரு வண்டிதான் போகும். வைக்கோல் வண்டிக் காலத்திலிருந்து இருக்கும் முறை உனக்கும் தெரியும்: சுமையோடு வருகிறவர் பின்வாங்க வேண்டியதில்லை, இருவருக்கும் சுமை இருந்தால் இளையவர் பின்வாங்க வேண்டும்.

"அண்ணி, பின்னால எடுங்க, எனக்குச் சுமை இருக்கு" என்றாய்.

"என்ன சுமை?"

"உருளைக்கிழங்கு."

"எனக்கும் சுமை இருக்கு. ரக்கூன். நான் மறைக்கிற ஆள் இல்ல. நீ இளையவன், நீ எடு."

"ரக்கூனெல்லாம் சுமைன்னு கணக்கு இல்ல அண்ணி!"

அதற்குள் உன் பின்னால் தபால்கார ரோஸ்-எமே வந்து ஹார்ன் அடித்து, இறங்கியே வந்துவிட்டாள். "ரெண்டு பேரும் சண்டையை வீட்டுல போட்டுக்கங்க, ஊர்க் கடிதமெல்லாம் என் கையில நிக்குது" என்றாள். அப்போதுதான் உன் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஐந்து விரல்களோடு ஒரு சின்னக் கறுப்புக் கை வந்து கயிற்று முடிச்சைத் தடவியது.

"ஓதிலோன், உன் கிழங்குக்குக் கை முளைச்சிருக்கு" என்றேன்.

ரோஸ்-எமே தார்ப்பாயைத் தூக்கினாள். நீல வால்! என் ஜன்னல் கதவின் நீலம்!

"பதினோரு ரக்கூன் பிடிச்சேன்னு பூசைக்குப் பூசை பெருமை பேசினீங்களே, எல்லாத்தையும் எங்க விட்டீங்க?" என்று அவள் கேட்டாள். நீ தொப்பியைக் கழற்றி, "அண்ணன் காட்டுலதான்" என்றாய். அதாவது என் கோழிக்கூட்டுக்குப் பின்னால். "என் சர்க்கரைக் கொட்டகையில காய்ச்சி வச்ச மேப்பிள் பாகு டப்பாவையெல்லாம் திறந்தது உங்க ஆளுதானா?" என்று என் மேலேயே பாய்ந்தாய். ஒரே விலங்கை நீ பதினொரு முறையும் நான் ஒன்பது முறையும் சுமந்திருக்கிறோம். இடையில் இரண்டு மூன்று முறை தானாகப் பாலம் கடந்திருக்கும், மற்றபடி அதற்கு நடக்கவே மறந்திருக்கும்.

முதலில் ரோஸ்-எமே பின்வாங்கினாள், அவள்தான் சாட்சி; பிறகு நீ பின்வாங்கினாய், பாலத்தின் முழு நீளத்துக்கும், கழுத்தைத் திருப்பியபடி. நான் முன்னால் வந்தேன், நிதானமாக. அந்தக் குலுக்கலில் உன் கூண்டு திறந்து நீல வால் பாலத்துக் கூரையின் உத்தரத்தில் ஏறிவிட்டது. இரண்டு கரைக்கும் சொந்தமில்லாத இடம், இனி அது ஊராட்சியின் பொறுப்பு. இன்று காலை கோழிகள் பதினொன்று, சோளத்தில் ஒரு கதிர்கூடக் குறையவில்லை.

எனக்குப் புத்தி பிசகியிருந்தால் உனக்கும் அதே அளவு பிசகியிருக்கிறது. இரண்டு முறை அதிகமாகவே. ஆகவே அண்ணியின் புத்தி சரியாகவே இருக்கிறது, படிவம் வேண்டாம் என்று உகெத்துக்கு நீயே எழுதிவிடு. ஞாயிறு விருந்துக்கு வா, முதல் கதிர் உனக்குத்தான், வெண்ணெயோடு. ஆண்டவர் உன் முழங்காலையும் நாக்கையும் காப்பாராக.

அண்ணி,
லெயோகாதி திவியேர்ஜ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கூண்டைக் கழுவலாம் என்று இப்போதுதான் மழைக்கோட்டை எடுத்தேன். உள்ளே ரக்கூன் இல்லை. நேற்றும் இருந்திருக்காது, நீல வால் உன் வண்டியில் அல்லவா இருந்தது. செங்கல்லும் காலி டப்பாவும்தான் இருக்கின்றன; தின்றுவிட்டு ராத்திரியே கதவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். முறைப்படி நான்தான் பின்வாங்கியிருக்க வேண்டும். செங்கல்லும் சுமைதான் என்று நான் வாதாடுவேன், ஆனாலும் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறேன். உகெத்துக்கு இது தெரிய வேண்டியதில்லை. நீ அவளுக்கு எழுதப்போகும் மறுப்புக் கடிதத்தின் நகலோடு, வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு மையில் எழுதி, கையெழுத்திட்டுப் பதில் அனுப்பு.