விளங்காத மணித்தியாலம்

“…அப்ப என்ன, அந்தப் பிள்ளை தொண்டைத் தண்ணி வத்தப் படிப்பிச்சு முடிய, நாங்கள் எழும்பி நிண்டு ‘விளங்கேல்லை’ எண்டு சொல்லுறதோ? அது ரீச்சரின்ரை கன்னத்திலை அடிக்கிற மாதிரியெல்லோ தம்பி. விளங்காட்டிலும் காரியமில்லை, மரியாதை கெடக் கூடாது.”

இப்படிச் சொன்னவர் மொனிட்டர் அண்ணை. சொன்ன இடம், ஹொல்ஸ்டெப்ரோ நகரில், வயது வந்தவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகை. இலங்கையிலிருந்து டென்மார்க்கில் வந்திறங்கிய மரியாதை முழுவதையும் ஓரிடத்தில் குவித்தால், பாதி இந்த ஒரு மனிதரின் பெட்டியில் வந்ததாகத்தான் இருக்கும். மற்றப் பாதியை நாங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

மன்னார்க்காரர். நாற்பது தாண்டியவர். ஊரில் படகு எஞ்சின் திருத்தினவர். எங்கள் டெனிஷ் வகுப்புக்கு அவரை யாரும் மொனிட்டராக, வகுப்புத் தலைவராக, வைக்கவில்லை. டென்மார்க்கில் அப்படியொரு பதவியும் இல்லை. ஆனால் முதல் நாளே ரீச்சர் வருமுன் கரும்பலகையைத் துடைத்து வைத்துவிட்டு, எங்களை உயரப்படி இருத்தத் தொடங்கிவிட்டார். மீசை நரைத்தவர்கள், மூன்று பிள்ளைகளின் தகப்பன்மார், எல்லோரும் எழும்பி இடம் மாறினோம். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு பிடி.

ரீச்சரின் பெயர் கியர்ஸ்டன். கம்பளிச் சட்டையும் மரச் செருப்புமாக வந்து, மேசைமேல் ஏறியிருந்து காலை ஆட்டிக்கொண்டு படிப்பிக்கிற பெண். அவ மேசையில் ஏறினால் மொனிட்டர் அண்ணை பார்வையைச் சுவருக்குக் கொண்டுபோய்விடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவ கெஞ்சிக் கேட்டதில், கடைசியாக ‘ரீச்சர் கியர்ஸ்டன்’ என்ற அளவுக்கு இறங்கி வந்தார். அதற்கே அவருக்கு ஒரு மாரிகாலம் தேவைப்பட்டது.

கோப்பிதான் பெரிய சோதனை. இங்கே இடைவேளையில் ஆசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் இருந்து கோப்பி குடிப்பார்கள். ரீச்சருக்கு முன்னால் உறிஞ்சிக் குடிப்பதாவது! மொனிட்டர் அண்ணை கோப்பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வெளியே நடை ஓடைக்குப் போய், கொழுவியிருந்த ஜக்கெற்றுகளைப் பார்த்தபடி குடித்தார். பாவம் மனிசன் தனிமையில் வாடுகிறார் என்று கியர்ஸ்டனுக்கு மனம் பொறுக்கவில்லை. அடுத்த நாள் தன் கோப்பையோடு ஓடைக்கு வந்தா. இவர் படிக்கட்டுக்குப் போனார். அவ படிக்கட்டுக்கு வந்தா. பிறகு ஒரு நாள் யன்னலால் பார்க்கிறோம்: ஈரப்பனி கொட்டுகிறது, மொனிட்டர் அண்ணை கொட்டகையடியில் கோப்பையோடு நிற்கிறார், கியர்ஸ்டன் வாசலில் நின்று கை காட்டிக் கூப்பிடுகிறா. இன்னும் தள்ளிப் போகச் சொல்கிறா என்று நினைத்து, மனிசன் கொட்டகைக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாதது எங்கள் தலையாட்டல்.

விளங்கியதா என்று அவ கேட்பா. நாங்கள் எங்கள் ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். இல்லை என்கிறார்கள் என்று நினைத்து அவ திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவா. ரீச்சர் எங்களை நம்பவில்லையாக்கும் என்று நாங்கள் இன்னும் பலமாக ஆட்டுவோம். கடைசியில் யாரோ புண்ணியவான் அதற்கு அர்த்தம் ‘ஓம்’ என்று அவவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான். கேடு அங்கேதான் தொடங்கியது. அன்றிலிருந்து அவ எங்கள் தலைகளை நம்பிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனா. பின்னால் ஒருவர் மிச்சமில்லாமல் பாதை தவறி நின்றோம். அதை அவவிடம் சொல்லுவோமா என்று நான் கேட்டதற்குத்தான் கொட்டகையில் அந்தப் பதில்.

ஆனால் எங்களில் டெனிஷ் கட்டாயம் தேவைப்பட்டவர் அவர்தான். அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்து, இங்கே வருவதற்கான பதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வராத காலம் அது. எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று பின்னாளில் தெரியவந்து, ‘தமிழர் வழக்கு’ என்று நாடே பேசி, அரசாங்கமே பதவியிலிருந்து இறங்கியது. அப்போது அதற்குப் பெயர் இல்லை. எங்களுக்கு அது வெறும் காத்திருப்பு.

ஒருமுறை மொழிபெயர்ப்பாளரை வைத்துக் குடிவரவு அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “நான் ஒரு மணித்தியாலம் கதைச்சன் தம்பி. அவர் ரெண்டு வசனத்திலை முடிச்சிட்டார். நான் அழுத இடத்தைக் காணேல்லை. இனி என்ரை வாயாலைதான் கேக்க வேணும்.”

அதற்காகத்தான் காய்ச்சலோடும் வகுப்புக்கு வந்தார். அந்த நேரத்தில்தான் சோதனை வைத்தார்கள். ஒருவரும் தேறவில்லை.

கியர்ஸ்டன் அன்று மேசையில் ஏறவில்லை. நின்றுகொண்டே சொன்னா: வகுப்பு முன்னேறவில்லை என்பதால் நிறுத்தப் போகிறார்கள், எங்களை வேலைக்கு அனுப்புவார்கள். பிழை தன் படிப்பித்தலில் என்று அதிபரிடம் தானே சொல்லிவிட்டதாகவும் சொன்னா. சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டா. மொனிட்டர் அண்ணையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவவின் மானத்தைக் காப்பாற்றத்தானே மனிசன் அவ்வளவு நாளும் தலையை ஆட்டியது!

அடுத்த நாள் அதிபர் வந்து, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டார். மொனிட்டர் அண்ணை எழும்பினார். காலம், இடம், வேற்றுமை எல்லாம் கழன்று விழுந்த டெனிஷ். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “ரீச்சர் நல்லவ. ஒவ்வொரு நாளும் கேட்டவ. நாங்கள் தலை ஆட்டினம். எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. மரியாதைக்குப் பொய் சொன்னம்.”

கியர்ஸ்டன் வாயைப் பொத்திக்கொண்டா. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவவுக்கும் தெரிந்திருக்காது.

அப்படியானால் என்ன வேண்டும் என்று அதிபர் கேட்டார். வகுப்புக்கு முன் ஒரு மணித்தியாலம் வேண்டும், அதில் புதிதாக ஒன்றும் படிப்பிக்கக் கூடாது, விளங்காததை மட்டும் கேட்கவேண்டும் என்றார் இவர். ஈஸ்டர் வரை பார்ப்போம் என்று அதிபர் விட்டுக்கொடுத்தார்.

அந்த மணித்தியாலத்துக்கு வாசற்காவலும் மொனிட்டர் அண்ணைதான். விளங்காத ஒன்றாவது கையில் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒரு நாள் நல்லூர்ப் பொடியன் ஒருவன் தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தி வந்தான். “அப்ப இங்கை உனக்கென்ன வேலை? போய், விளங்காத ஒண்டோடை வா” என்று திருப்பி அனுப்பினார். கொட்டகையில் நின்று யோசித்து அவன் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். ஈஸ்டருக்குப் பிறகும் வகுப்பு நடந்தது. பக்கத்து வகுப்பு டெனிஷ்காரர்கள்கூடக் கணக்கில் விளங்காததைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவர்களையும் அவர் வரிசையில்தான் நிற்க வைத்தார்.

எல்லோரும் கேட்டு முடிந்த ஒரு நாள், அவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். அலுவலகத்தில் இருக்கிற பெரியவர்களிடம் மரியாதை கெடாமல் ‘விளங்கவில்லை’ என்று எப்படிச் சொல்வது? கியர்ஸ்டன் அவரைப் பள்ளிக்கூடக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தொலைபேசியை அவர் முன்னால் நகர்த்தி வைத்தா. துணைக்கு என்னையும் வரச் சொன்னார்.

குடிவரவு அலுவலகத்தை அழைத்துத் தன் பெயரைச் சொன்னார். மனைவியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண்குரல். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்றது. விளங்கியதா என்று கேட்டது.

மொனிட்டர் அண்ணையின் தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது.

“இல்லை,” என்றார் டெனிஷில். “எனக்கு விளங்கவில்லை. தயவுசெய்து, யாருடைய மேசையில் இருக்கிறது?”

அந்தக் குரல் முதல் சொன்னதையே திரும்பச் சொன்னது. இவரும் விளங்கவில்லை என்றார், அதே மரியாதையோடு. பிறகு மறுமுனையில் கதிரை இழுபடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

றிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “தேடப் போயிட்டா தம்பி,” என்றார் மெல்ல.

அவ திரும்பி வருவதற்குள், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.